மிளகு இலைக்கு நான் வைத்த மஞ்சள் வளையம்

இலை வரைவது எப்படி என்று எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் ஐந்து பேரும் தொழிலுக்குப் புதியவர்கள். மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கின் மாடியை வாடகைக்கு எடுத்து, கஃபே சுவர்களில் வாழையும் சேம்பும் வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் மலையாளத்தைவிடத் தமிழை மெதுவாக வாசிப்பவர்கள் என்பதால் சுருக்கமாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. அவமானத்தைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

நரம்பு எங்கே பிரியும், நிழலுக்கு எந்தப் பச்சை, அக்ரிலிக் காய்வதற்குள் எப்படிக் கலப்பது என்பதெல்லாம் உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது. அதில் சொல்லித்தருகிறவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள். நடுவில் சாயா குடிக்கப் போய்விடுவதுமில்லை. எனவே அதை விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது ஒரு மஞ்சள் கோட்டைப் பற்றி. மயிரிழை அகலம்கூட இருக்காது. அதைப் போட எனக்கு ஆன நேரம் அரை மணி. அதை ஒப்புக்கொள்ள ஆனது ஒரு வருடம்.

முதலில் என்னைப் பற்றி. ஓவியனுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. உடம்பில் ஏதாவது ஒன்று முதலில் ராஜினாமா செய்யும். எனக்கு வலது தோள். ஐம்பத்தாறு வயதில் கை காதுக்கு மேலே போக மறுத்துவிட்டது. இப்போது நான் வாழை மரம் வரைந்தால் அது பாதியில் நின்றுவிடும். வயசு என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் கடைசியில் வரும்.

தோள் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு பெயர் இருந்தது: எலைக்காரர். ஹோம்ஸ்டேக்களிலும் ரிசார்ட்டுகளிலும் நான் வரைந்த இலைகளைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் நகர்ந்ததில்லை. ஒரு ஹோம்ஸ்டேயில் சுத்தம் செய்ய வரும் சேச்சி, சுவரிலிருந்த சேம்பிலையின் தண்ணீர்த் துளியைத் துணியால் ஒற்றி எடுக்கப் பார்த்தார். இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணுவதை என் மனைவி நிறுத்திவிட்டாள். "அந்தச் சேச்சிக்குக் கண்ணாடி மாத்தணும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் அவள் பங்குக்கு வரும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கைவேலை உண்டு. உங்களுக்கும் தெரிந்ததுதான். கரும்பச்சை இலைமேல் கறுப்பாக எதை வைத்தாலும் அமுங்கிப்போகும். வண்டானாலும் சரி, ஓட்டையானாலும் சரி, பக்கத்து இலையின் நிழலானாலும் சரி. அதை மேலே தூக்கிவர, ஓரத்தில் மெலிதாக மஞ்சள் ஓட்டுவோம். உடனே இலை உயிர்பெற்று எழுந்து உட்காரும். நிஜ இலையில் அந்தக் கோடு இருக்காது. அதை யாரும் கேட்டதில்லை. ஹோட்டல் சுவரைப் பெயர்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் ஒத்துப்பார்க்கிறவர் உலகத்தில் யாருமில்லை என்று நான் நம்பியிருந்தேன். என் கை அந்தக் கோட்டை என்னிடம் கேட்காமலேயே போடப் பழகியிருந்தது.

என் அறை ஒரு சுக்குக் கிடங்கின் மேலே இருந்தது. படியேறி வருகிறவர்கள் தும்மிக்கொண்டே வருவார்கள். தும்மலை வைத்தே வருவது உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்று சொல்லிவிடலாம். ஒரு மே மாதம் பதினோரு தும்மலுடன் ஒரு பெண் வந்தார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கையில் ஒரு சோற்று டப்பா. செடிகளின் நோய் படித்த டாக்டர், மலையில் இருக்கும் மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்றில் ஒப்பந்த வேலை. கோயம்புத்தூரில் படித்தபோது கற்ற தமிழ், அதன்மேல் ஒரு பூச்சு மலையாளம்.

"இக்காதானே எலை வரைக்கறது?" என்றார். இக்கா என்றால் அண்ணன். டப்பாவைத் திறந்தார். சோறு இல்லை. ஈரத்துணியில் மூன்று மிளகு இலைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாகப் புள்ளிகள்.

அவர் சொன்ன விஷயம் இது. மழைக்காலத்தில் மிளகுக் கொடிக்கு ஒரு வாட்டம் வரும். அதன் முதல் அடையாளம் இலையில் இந்தக் கறுப்புப் புள்ளி. புள்ளி விழுந்த இரண்டு மூன்று நாளில் கண்டுபிடித்தால் இலையைக் கிள்ளி எரித்து, துரிசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை அடித்துக் கொடியைக் காப்பாற்றிவிடலாம். விட்டால் இரண்டு வாரத்தில் கொடி முழுக்கப் போகும், பக்கத்துக் கொடியையும் கூட்டிக்கொண்டு போகும். சிக்கல் என்னவென்றால், இதேபோல இன்னொரு புள்ளி நோயும் உண்டு. அது மெதுவான நோய், அவசரமில்லை. அதற்கு மஞ்சள் வளையம் இருக்கும். விவசாயிகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மழைக்கு முன்னால் ஒரு போஸ்டர் அடித்து எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டும்.

"ஃபோட்டோ எடுத்து ஒட்டலாமே டாக்டர், எதுக்கு என்கிட்ட?" என்றேன். வந்த வேலையைத் திருப்பி அனுப்புவதுபோலப் பேசுவது நம் தொழிலில் ஒரு மரியாதை.

"எடுத்துப் பாத்தாச்சு இக்கா. நனைஞ்ச எலையில ஃப்ளாஷ் அடிச்சா வெளிச்சம் மாத்ரம்தான் தெரியும். பின்னே, ஒரு ஃபோட்டோ ஒரு எலையைத்தான் காட்டும். எனக்கு நூறு எலையைப் பாத்த ஒரு எலை வேணும்."

என் தொழிலைப் பற்றி அதைவிட நல்லதாக யாரும் சொன்னதில்லை. அப்போதே நான் பாதி விழுந்துவிட்டேன்.

"ரெண்டே விஷயம் ஓர்மை வச்சுக்கோங்க" என்று விரலை நீட்டினார். "ஒண்ணு, மஞ்சள் பாடில்ல, கூடாது. கொஞ்சம்கூட. ரெண்டு, புள்ளியோட ஓரம் பாருங்க. நூல் பிரிஞ்ச துணி மாதிரி இருக்கு, இல்லே? அது வேணும். வேற ஒண்ணும் வேண்டாம். சுந்தரமாக்க வேண்டாம் கேட்டோ."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

முதல் நாள் இலையைப் பார்த்துக் கோடு போட்டேன். இரண்டாம் நாள் நேர்மையாக வரைந்தேன். இதை எனக்காகக் கொஞ்சம் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் என்னைப் பற்றி வரும் ஒரே நல்ல வாக்கியம் அது. மஞ்சள் இல்லை. ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. டாக்டர் சொன்ன நூறு இலையும் அதில் இருந்தன.

ஆறடி பின்னால் போய் நின்று பார்த்தேன். கொசுவத்திச் சுருள் சுட்ட இடம் மாதிரி இருந்தது. ஏதோ தெரியாதவன் சிந்திவிட்டுத் துடைக்கப் பார்த்த மாதிரியும் இருந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி சாயாவோடு படியேறி வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"என்ன, பிரஷ் கைதவறி விழுந்துடுச்சா?"

அவள்மேல் பழி போடவில்லை. போட ஆசைதான். ஆனால் எலைக்காரர் என்ற பெயரை அத்தனை நாள் தோளில் சுமந்துகொண்டு திரிந்தவன் நான், அவள் இல்லை. இந்தப் போஸ்டரின் மூலையில் என் பெயர் வரும். மலை முழுக்க ஒட்டுவார்கள். எலைக்காரர் வரைந்த இலை இதுவா என்று யாராவது கேட்டால்? மூன்றாம் நாள் காலையில் டப்பாவைத் திறந்தால் மூன்று இலைகளும் முழுக்கக் கறுத்துத் துவண்டு கிடந்தன. அந்த நோய் அவ்வளவு வேகம் என்று டாக்டர் சொன்னதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? எனக்கோ அது வேறு விதமாகப் பட்டது. ஒத்துப்பார்க்க இலை இல்லை. கேட்க ஆளில்லை.

ஓரங்களை மென்மையாக்கினேன். பிரிந்த நூலையெல்லாம் உள்ளே தள்ளி வட்டமாக்கினேன். பிறகு மிக மெலிதாக, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும், மஞ்சள். புள்ளிகள் இலையைவிட்டு மேலே எழுந்து நின்றன. டாக்டர் நீட்டிய விரல் ஞாபகம் வராமலில்லை. இது வளையம் இல்லை, வெளிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. செய்கிற தப்புக்கு நல்ல பெயர் ஒன்றைத் தேடிக்கொள்ள வார்த்தைகள் கைவசம் இருக்கும்.

"இப்பத்தான் எல மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

படத்தை ஃபோனில் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். அச்சகத்தில் மறுநாள் காலை கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "அடிபொளி இக்கா. ஓரத்தில் மஞ்சளா தெரியுதே?"

அந்த ஒரு நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எல்லாவற்றையும் திருத்த அப்போது நேரம் இருந்தது. அக்ரிலிக் தான், பத்து நிமிடத்தில் காயும். ராத்திரிக்குள் முடித்திருக்கலாம். நான் எழுதினேன்: "ஃபோன் கேமரா அப்படித்தான் காட்டும்."

கட்டைவிரல் ஒன்று வந்தது. வேலை முடிந்தது.

அந்த மழை முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். மழை முடிந்து குளிர் தொடங்கும்போது சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு எறணாகுளம் போய்ப் பஸ் பிடித்து மலையேறினேன். மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் டாக்டர். "சட்டை கொள்ளாம், நல்லா இருக்கு இக்கா" என்றார். தலைவர் என்னைப் பற்றிப் பேசினார். நான் தலைகுனிந்து அடக்கமாக இருந்தேன், எந்தக் கோணத்தில் குனிந்தால் ஃபோட்டோவில் நன்றாக வரும் என்று பார்த்துக்கொண்டு.

பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு திரும்பும்போதுதான் பின்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன். அச்சில் அதை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. நான் மயிரிழையாகப் போட்ட மஞ்சளை அச்சு மை நன்றாகத் தடிக்க வைத்திருந்தது. நாலு புள்ளியைச் சுற்றியும் ஜரிகைக்கரை போட்ட மாதிரி நின்றது. அப்போதும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அச்சுக்காரனுக்குக் கலர் தெரியவில்லை என்பதுதான்.

கூட்டம் முடிந்து சாயாவும் பழம்பொரியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். ராஜம்மா என்று பெயர், ஒரு ஏக்கருக்கும் குறைவான தோட்டம், பேச்சில் தேனிப் பக்கத்துத் தமிழ்.

"நீங்கதான படம் வரஞ்சவரு?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குங்க. எங்க வீட்டு அடுப்படிச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன்."

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஒரு சம்சயம். கேக்கலாம்ல?" மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே காய்ந்த மிளகு இலை ஒன்று. "இதுல மஞ்சள் எங்கயாச்சும் தெரியுதா பாருங்க. எங்கண்ணுக்குத் தெரியல."

வாங்கிப் பார்த்தேன். காய்ந்த பிறகும் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது. ஓரம் நூல் பிரிந்த துணி மாதிரி. இரண்டாம் நாள் நான் வரைந்து அழித்த அதே இலை.

"இல்ல" என்றேன்.

"இல்லதான? நானும் தினம் எலையக் கிள்ளிட்டு வந்து படத்துக்குப் பக்கத்துல வச்சு வச்சுப் பாத்தேன். எம்மக சொன்னா, யம்மா, கறுப்பு விழுந்துருச்சு, மருந்தடிச்சுருவோம்னு. நாந்தான், அடியே படத்த நல்லாப் பாரு, அதுல மஞ்ச இருக்கு, ஓரம் வட்டமா இருக்கு, நம்மது பிஞ்சு பிஞ்சுல்ல இருக்கு, இது மழைக்கற, தன்னால போயிரும்னேன். ரெண்டு வாரம் அவள அடிக்க விடல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னத்த. மரத்துல எல்லாம் கருவாடு மாதிரி தொங்குது. ஒரு கொடி மிச்சமில்ல." ஒரு வாய் சாயா குடித்தார். "உங்களக் கொற சொல்லல சார். படிச்சவங்க ஒத்துப் பாத்தா சரியாப் பாத்திருப்பாங்க. எனக்கு எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவ பாத்துக்கலாம்ல, அதான் கேட்டேன்."

யாராவது கத்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு வாதாட வரும். தன் கண்ணில் குறை என்று நினைத்துக்கொண்டு பாடம் கேட்க வந்த மனுஷியிடம் என்ன சொல்வது?

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. இலையைக் கையில் வாங்கினார். சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார். அவர் போஸ்டரைச் சரியாகப் பார்த்ததும் அதுவே முதல் தடவையோ என்னவோ. மழைக்காலம் முழுக்க அவர் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தவர்.

"பிரஸ்ஸில கலர் மாறியிருக்கு" என்றார் மெதுவாக. என்னைப் பார்த்தார். "இக்கா தந்த படத்தில சரியாத்தானே இருந்தது?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து.

டாக்டர் ராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெற்று, தப்பு, உங்களோடது இல்ல சேச்சி. என்னோடது. ஒட்டறதுக்கு முன்னால நான் நோக்கியிருக்கணும்."

நான் அங்கேயே நின்றேன். பொன்னாடை போர்த்தி, வாயில் பாதிப் பழம்பொரியோடு. அதை மெல்லவா விழுங்கவா என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கிருந்த பெரிய குழப்பம்.

மலையிறங்கி வந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை மறக்க நினைப்பவன் போய்க் குடியிருக்கக் கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது மட்டாஞ்சேரி. பஜார் ரோட்டில் நாலு அடி நடந்தால் ஒரு மிளகு மூட்டை. ஐந்து மாதம் நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தேன்; எதிர்ப்பக்கத்திலும் மிளகுதான். எறணாகுளம் பிராட்வேயில் பெயின்ட் வாங்கப் போனால் மஞ்சளை மட்டும் வாங்காமல் திரும்புவேன். பொன்னாடை எங்கே என்று மனைவி கேட்டபோது, பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்றேன். அலமாரியில் பழைய கான்வாஸ்களுக்கு அடியில் இருந்தது.

அடுத்த மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர் அழைத்தார். குரல் களைத்திருந்தது.

"இக்கா, ஒரு உபகாரம். சங்கத்துக் கமிட்டி என்கிட்ட விளக்கம் கேட்டிருக்கு. தெற்றான போஸ்டர் ஒட்டினது யாருன்னு. பிரஸ்காரங்க, நீங்க குடுத்ததைத்தான் அடிச்சோம்ங்கறாங்க. அந்த ஒரிஜினல் படம் இக்காகிட்ட இருக்கில்லே? அதை அனுப்பினா காட்டிடலாம். இல்லைன்னா இந்த மாசத்தோட என்னைப் போகச் சொல்லிடுவாங்க. போறது சாரமில்ல, பரவாயில்ல. போஸ்டர் முழுக்க இப்பவும் அங்கேயே ஒட்டியிருக்கு. மழை வருது."

நாளைக் காலை அனுப்புகிறேன் என்றேன். ஃபோனை வைத்துவிட்டு, அச்சகத்திலிருந்து அப்போதே திரும்பி வந்திருந்த படத்தை இறக்கி மேசையில் வைத்தேன்.

நீங்கள் தொழில்காரர்கள், எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரும்பச்சை கொஞ்சம், கறுப்பு கொஞ்சம். நாலு புள்ளி. மஞ்சளை மூடி ஓரத்தைப் பிரித்துவிட்டால், படம் முதலிலிருந்தே சரியாக இருந்த படம். டாக்டர் பிழைப்பார், நான் பிழைப்பேன், அச்சகத்துக்காரன் மாட்டிக்கொள்வான். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. ஒரு கணத்துக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. சாயம் கலந்தேன். முதல் புள்ளியை முடித்தேன். என் வாழ்க்கையில் வரைந்ததிலேயே துல்லியமான புள்ளி அது. ஒரு பொய்க்காகத்தான் என் கை அவ்வளவு உண்மையாக வேலை செய்தது.

இரண்டாவது புள்ளியில் பிரஷ்ஷை வைக்கும்போது மனைவி வந்தாள்.

"அந்த மஞ்சள் நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் மூடுறீங்க?"

"அது அங்க இருக்கக் கூடாது."

"யார் சொன்னா?"

"டாக்டர்."

"இப்பவா?"

"இல்ல. அன்னிக்கே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். முழுக்கச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பொன்னாடையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது.

"நான் பிரஷ் விழுந்துச்சான்னு கேட்டது வெறுதே, சும்மா ஒரு கிண்டல்" என்றாள். "அதுக்காகவா?"

அதற்காகத்தான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை என்பதுதான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

டாக்டரை அழைத்தேன். மஞ்சளைப் போட்டது நான்தான், தெரிந்தேதான் போட்டேன் என்றேன். இன்று அதை மூடப் பார்த்ததையும் சொன்னேன்.

"ஃபோன் கேமரா அப்படித்தான் காட்டும்னு எழுதினீங்க" என்றார் டாக்டர்.

"ஆமா."

"அன்னிக்கு நான் பஸ்ஸில நின்னுட்டிருந்தேன். ஒரு கையில கம்பி. இறங்கி நல்லா நோக்கலாம்னு நினைச்சேன். பின்னே, இக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு, "இதைக் கமிட்டிக்கு எழுதித் தருவீங்களா சார்?" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து நான் அவருக்கு இக்கா இல்லை. இன்றுவரை சார்தான்.

எழுதிக் கொடுத்தேன். டாக்டருக்கு வேலை போகவில்லை. புதிய போஸ்டர் அடிக்க நேரமில்லை. எல்லாவற்றையும் கிழித்தெடுத்துவிடலாம் என்றது கமிட்டி. கிழித்தால் மழை நேரத்தில் ஒத்துப்பார்க்க ஒன்றுமே இருக்காது என்றார் டாக்டர். ஒட்டிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் கையால் திருத்துகிறேன் என்று நான் மலைக்குப் போனேன்.

பதினேழு நாள். கொள்முதல் நிலையம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, கோயில் மண்டபம், வீட்டுச் சுவர்கள். காலையில் டாக்டர் சோற்று டப்பாவில் அன்று கிள்ளிய நோய் இலை ஒன்றைக் கொடுத்துவிடுவார். முதல் மழை அங்கங்கே விழத் தொடங்கியிருந்ததால் இலைக்குப் பஞ்சமில்லை. போஸ்டரை எல்லாரும் தலைக்கு மேலே உயரமாக ஒட்டியிருந்தார்கள், ஆடு தின்னாமலிருக்க. பதினேழு நாள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாலு புள்ளியாக மஞ்சளை மூடினேன். தோள் போனது அங்கேதான். பார்த்தவர்களில் பாதிப் பேர், நன்றாக இருந்த படத்தை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "அய்யோ, இது நம்ம காட்டுல நேத்து பாத்ததுதானே" என்று குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் வீட்டில் நான் திரும்பச் சொல்லாதது அது ஒன்றுதான்.

எனவே நீங்கள் கேட்ட குறிப்பு இதுதான். சுவருக்கு வரையும்போது என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். துளி வையுங்கள், மஞ்சள் ஓட்டுங்கள், சேச்சிகளை ஏமாற்றுங்கள். ஆனால் ஒரு வேலை வந்தால், இந்தப் படத்தை யார், எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், ஆறடி பின்னால் போய் நிற்காதீர்கள். அவர் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். யாராவது மஞ்சளா தெரிகிறதே என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

ராஜம்மா வீட்டைக் கடைசி நாளுக்கு ஒதுக்கியிருந்தேன். தைரியம் சேர்க்க என்று சொல்லிக்கொண்டேன். தள்ளிப்போட்டேன் என்பதே சரி. டாக்டர் முன்பே போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நான் வாசலில் நின்றபோது ராஜம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அடுப்படியில இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

போஸ்டர் அடுப்புக்கு மேலே புகை படிந்து இருந்தது. நாலு மூலையிலும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். இலையின் பக்கத்தில் சுவரில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. கிள்ளி வந்த இலையைத் தினம் அங்கே வைத்துப் பார்த்திருக்கிறார்.

அன்று டப்பாவில் கொண்டுவந்த இலை வழியிலேயே கறுத்திருந்தது. ஆனால் அதற்குள் எனக்கு அது தேவைப்படவில்லை. மஞ்சளை மூடினேன். ஓரத்தை நூல் நூலாகப் பிரித்தேன். அவர் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு நகர்ந்து இடம் விட்டேன். மன்னிப்பு கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். மலையேறும்போது அது நன்றாக இருந்தது. வாயிலிருந்து வந்தது பழைய தொழில் கேள்விதான்.

"இப்ப சரியா இருக்காம்மா?"

ராஜம்மா கிட்டே வந்து படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். மிளகுக் கொடி படர்ந்திருந்த முருக்க மரங்கள் வரிசையாக, மொட்டையாக, மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"நான் எத வச்சு சார் ஒத்துப் பாக்கறது?" என்றார்.

பிரஷ் கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் கேட்கவில்லை.